மாரித் தரவை

வேலை போன முதல் சில நாட்கள் நான் நன்றாகத்தான் இருந்தேன். அதன்பிறகு வீட்டில் எந்தச் சாமானும் சரியான இடத்தில் இல்லை என்று எனக்குப் படத் தொடங்கியது. மசாலா டப்பாக்களை மாற்றி அடுக்கினேன். காரேஜில் கிடந்த அட்டைப்பெட்டிகளை வெளியே இழுத்துப் போட்டு, அதே பெட்டிகளை அதே காரேஜில் திருப்பி வைத்தேன். என் மனைவி டெக்சஸில், ஆஸ்டின் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பார்மசிஸ்ட். காலையில் அவள் கிளம்பும்போது நான் சமையலறைக்கும் வாசல் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பேன். சாயங்காலம் அவள் திரும்பும்போதும் அங்கேதான் நடந்துகொண்டிருப்பேன்.

"ஒரு எடத்துல உக்காருங்களேன். பாக்கற எனக்கே தல சுத்துது" என்பாள்.

உட்காருவேன். உடனே கால் ஆடும். ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் எங்களைப் போன்ற இந்தியர்கள்தான். பகலில் வெளியே நடந்தால் யாராவது காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "என்ன சார், இன்னிக்கு ஒர்க் ஃப்ரம் ஹோமா?" என்று கேட்பார்கள். "ஒரு சின்ன பிரேக் எடுத்திருக்கேன்" என்பேன். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் தலையாட்டல் இருக்கிறதே, அதற்கு நேராகவே "லே-ஆஃபா?" என்று கேட்டுத் தொலைக்கலாம்.

சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு பூங்கா மண்டபத்தில் தமிழ்க் குடும்பங்கள் கூடிச் சாப்பிட்டோம். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருகிற வழக்கம். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்மணி, யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்தில் ஒரு கல்லூரியில் வனவிலங்குப் பாடம் நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர் என்றும் என் மனைவி காதில் சொன்னாள். நான் சும்மா இருக்கிறேன் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஊருக்கே தெரிந்திருந்தது என்பது வேறு விஷயம்.

"நீங்கள் கொம்பியூட்டர் ஆள்தானே? என்னட்ட தரவு குவிஞ்சு கிடக்கு, பாக்க ஆளில்லை. காசு தர ஏலாது. சாப்பாடு தரலாம்."

"தரவுன்னா டேட்டாவாங்க?"

"ஓம், டேட்டாதான்."

எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போனது. இருபது வருஷமாக டேட்டாவைக் கட்டி மேய்த்தவன் நான். ஒரு நாளும் தரவு என்று வாயால் சொன்னதில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தரவு, தரவு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மனைவி ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். "அக்கா எண்டு கூப்பிடாதேங்கோ, எனக்கு உங்களைவிட ஒரு வயசுகூட மூப்பில்லை" என்றார். மேடம் என்பது வாயில் வரமாட்டேன் என்றது, பெயர் சொல்லவும் கூச்சம். நான் அக்காவிலேயே நின்றேன். அதற்குப் பழிவாங்கத்தான் அவர் என்னை அண்ணை என்று கூப்பிடத் தொடங்கினார். அன்றிலிருந்து நான் அவருக்குத் தம்பி, அவர் எனக்குத் தங்கை. கூப்பிடுவதோ அக்கா, அண்ணை.

அவருடைய தரவு பிரேசிலிலிருந்து வந்தது. அங்கே பந்தனால் என்று ஒரு மாபெரும் சதுப்புநிலம். அதில் திரியும் இராட்சத எறும்புத்தின்னி எங்கே தூங்குகிறது, எங்கே மேய்கிறது, எவ்வளவு பரப்புக்குள் சுற்றுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. வீட்டில் சொன்னபோது திருநெல்வேலிக்காரியான என் மனைவி, "அழுங்கா?" என்றாள். நங்கநல்லூரில் இருக்கும் என் அம்மாவோ போனில், "உடம்பெல்லாம் ஓடு போட்டிருக்குமே, அதாடா? தொட்டா உருண்டுக்குமே!" என்றாள். நம் ஊரில் எறும்புத்தின்னி என்றால் அதுதான். இது வேறு என்று இரண்டு பேருக்கும் விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஓடு கிடையாது, முடி. பல்லே கிடையாது. ஒரு ஆள் நீளம், குழாய் மாதிரி ஒரு மூக்கு, பின்னால் பெரிய துடைப்பக்கட்டை மாதிரி ஒரு வால். கழுத்தும் தலையும் ஒரே தடிமன் என்பதால் கழுத்துப்பட்டை நிற்காது, உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் தோளைச் சுற்றி ஒரு வார்க்கச்சை மாட்டி, அதில் ஜிபிஎஸ் பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள்.

அக்காவிடம் பல விலங்குகளின் புள்ளிகள் இருந்தன. ஆனால் அவருக்கு உயிர் ஒரே ஒரு பெண் விலங்கின் மேல்தான். மனுசி என்பார் அவளை. மனுசி முதுகில் குட்டியைச் சுமந்து திரிந்தாள். அங்கே களத்தில் வேலை செய்யும் பிரேசில் பெண் எடுத்த படத்தில் குட்டியின் கறுப்புப் பட்டை தாயின் பட்டையோடு சேர்ந்து கிடந்தது. இரண்டும் ஒரே விலங்கு போலத்தான் தெரிந்தது.

மனுசி திரிந்த இடம் ஒரு மாட்டுப் பண்ணைக்காரருடையது. இரண்டு பக்கமும் மேட்டில் காடு, நடுவே பள்ளமான புல்வெளி. பண்ணைக்காரர் அந்தப் புல்வெளிக்குக் குறுக்கே மண்கரை போட்டு, மேலே பாதையும் நெருக்கமான கம்பிவேலியும் அமைக்கத் திட்டமிட்டிருந்தார். மழைக்காலத்தில் லாரி போகவேண்டும், மாடுகள் பிரிந்து நிற்கவேண்டும் என்பது அவர் கணக்கு. கெட்ட மனிதர் இல்லை. "அந்த விலங்கு மழைக்காலத்தில் குறுக்கே போகிறது என்று காட்டுங்கள், கரையை வேறு பக்கம் போட்டுக்கொள்கிறேன், போகவில்லை என்றால் என்னை விடுங்கள்" என்று சொல்லியிருந்தார். அக்காவுக்கு எல்லாம் அந்த ஒரு கேள்விதான். மழையில் அந்த இடத்துக்குள் மனிதர் யாரும் போகமுடியாது. புள்ளிகள்தான் சாட்சி.

"இந்த மிருகத்துக்கு உடம்பில சூடு காணாது, அண்ணை. வெக்கை கூடினாலும் காட்டுக்குள்ள ஓடவேணும், குளிர் வந்தாலும் காட்டுக்குள்ள ஓடவேணும். ஒரு காட்டில நல்ல நிழல். மற்றதில புத்து. கரையைக் கட்டினா மனுசி ஒரு பக்கம் அடைபட்டுப் போவாள். குட்டியோட என்ன செய்வாள்?"

அந்தக் கோடையில் எங்கள் ஊரிலும் வெக்கை கூடித்தான் இருந்தது. ஏ.சி. அறையில் உட்கார்ந்து நான் புள்ளி பார்த்தேன். மணிக்கொரு புள்ளி. எனக்குப் பழக்கமான வேலைதான். கணக்கில் வராத புள்ளியை நீக்கு, மீதியைச் சுற்றிக் கோடு போடு, திரியும் எல்லை கிடைக்கும். ஆனால் முன்பெல்லாம் நான் பார்த்த டேட்டா யாரோ எதையோ சொடுக்கியது, யாரோ எதையோ வாங்கியது. இது நடந்தது. நின்றது. மத்தியான வெயிலில் அசையாமல் படுத்துக் கிடந்தது. என் கால் கொஞ்சம் ஆட்டத்தை நிறுத்தியது இந்தச் சமயத்தில்தான். மனைவிகூட, "உங்க ஆளு இன்னிக்கு எங்க இருக்கா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தாள். பழைய புள்ளிகள்டி, போன வருஷத்தது என்பேன். "இருக்கட்டுமே, எங்க இருந்தா?" என்பாள்.

ஆகஸ்டு கடைசியில் அக்காவுக்குக் கல்லூரி திறந்துவிட்டது. நேரில் உட்கார நேரமில்லை, வாட்ஸப்பில் குரல்பதிவுகள்தான். ஒருநாள் இப்படி ஒன்று வந்தது:

"அண்ணை, மாரித் தரவை தண்ணியோட சேர்க்காதேங்கோ, என்ன? அதை வேறயா எடுத்து வையுங்கோ."

இரண்டு முறை கேட்டேன். மாரி என்றால் மழைக்காலம், அது தெரியும். தரவு டேட்டா, அதுவும் தெரியும், அவரிடம்தானே கற்றுக்கொண்டேன். மழைக்காலத்துத் தரவை, தண்ணீரோடு, சேர்க்காதே. எவ்வளவு தெளிவான உத்தரவு! எனக்கும் அந்தச் சந்தேகம் முன்பே இருந்தது. மழைக்காலப் புள்ளிகளில் பாதி, வரைபடத்தில் நீலமாக இருக்கும் தண்ணீருக்குள் விழுந்திருந்தன. எறும்பு தின்கிற மிருகம் தண்ணீருக்குள் என்ன செய்யும்? ஜிபிஎஸ் பிசகுதான் என்று நினைத்திருந்தேன். இப்போது பேராசிரியரே சொல்லிவிட்டார். நீலத்தில் விழுந்த மழைக்காலப் புள்ளிகளை எல்லாம் பொறுக்கி எடுத்துத் தனியாக வைத்தேன். "தனியா எடுத்துட்டேன்கா" என்று பதில் போட்டேன். "நல்லம்" என்று வந்தது.

அப்புறம் வந்த படம் படு சுத்தமாக இருந்தது. மழைக்காலத்தில் மனுசியின் எல்லை ஒரே ஒரு காட்டுக்குள் சுருங்கி, உருண்டையாக, ஒழுங்காக நின்றது. அழகான கோடு. இவ்வளவு சுத்தமான படம் வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். இத்தனை வருஷம் சோறு போட்ட தொழிலில் அதுதான் முதல் பாடம். எங்கே வந்தது? பெருமைதான் வந்தது.

அக்கா அந்தப் படத்தைத் தன் போனில் பார்த்திருக்கிறார். அன்று மாலை கூப்பிட்டார். குரல் அடியோடு இறங்கிப்போயிருந்தது.

"இவள் மாரியில காட்டை விட்டு வெளியில வாறதே இல்லையோ?"

"புள்ளி அப்படித்தான்க்கா சொல்லுது."

"மூண்டு வருசமா நான் பிழையா நினைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். குறுக்கால போறவள் எண்டு எத்தினை பேரோட சண்டை பிடிச்சன்! சரி. என்ட விருப்பத்துக்கு மிருகம் நடக்குமோ? அனுப்பத்தானே வேணும்."

அனுப்பிவிட்டார். தனக்கு எதிரான படத்தைத் தானே பண்ணைக்காரருக்கு அனுப்பிவைத்தார். வேறு யாராவது என்றால் ஒரு வாரம் இழுத்தடித்திருப்பார்கள், சாக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது, ஆனால் உட்காரமுடியவில்லை. மறுபடி மசாலா டப்பாக்களை இறக்கினேன். பிரேசிலில் அது மழைக்கு முந்தைய வறண்ட பருவம். மண்வெட்டும் எந்திரங்கள் பேசி வைத்தாயிற்று, அடுத்த வாரம் வேலை ஆரம்பம் என்று களத்துப் பெண் எழுதியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். சம்பளத்துக்குப் பதிலாகச் சாப்பாடு என்று சொன்ன வாக்கு. சர்ச்சிலிருந்து வந்த சேலையோடேயே இடியப்பம் பிழிந்திருந்தார். சொதி, சம்பல், கத்தரிக்காய்ப் பால்கறி. கணவர் ஒரு கருத்தரங்குக்காக கலிபோர்னியாவில் மில்பிடாஸ் போயிருந்தார். நாங்கள் மூன்று பேர்தான். நன்றாகவே இருந்தது சாப்பாடு.

என் மனைவி அவரைத் தேற்றப் பார்த்தாள். "விடுங்கக்கா. அது இன்னொரு காட்டுக்குப் போகவே இல்லன்னா, கரை கட்டினா அதுக்கு என்ன வந்துச்சு?"

"அதுதானே. நான்தான் விசரி மாதிரி இருந்திட்டன்." அக்கா சொதியை ஊற்றிக்கொண்டே சொன்னார். "மாரி வந்தா மனுசி தரவையில இறங்கி, நீந்தி, மற்றப் பக்கம் போறவள் எண்டு நினைச்சன். நல்லா நீந்தும் இந்தச் சாதி. தரவையில மாடு நிக்கும், கொக்கு நிக்கும், இவளும் நிப்பாள் எண்டு..."

எனக்குள் ஏதோ இடறியது. தரவையில். நான் இடியப்பத்தைப் பிய்த்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தரவு என்றால் தரவில் என்றல்லவா வரவேண்டும்? தரவுல. தரவையில எப்படி வரும்? அதுவும் தரவில் மாடு எப்படி நிற்கும்?

"அக்கா, இப்ப என்ன சொன்னீங்க? தரவுலயா, தரவையிலயா?"

"தரவையில."

"தரவைன்னா... டேட்டாவைன்னு அர்த்தம் இல்லையா?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? தரவை எண்டா தரவைதான். மழைக்கு வெள்ளம் நிக்கிற புல்லுநிலம். கோடையில மாடு மேய விடுறது. உங்கட பக்கம் சொல்லுறேல்லையோ?"

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்காததைப் பார்த்து அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"மாரித் தரவை தண்ணியோட சேர்க்காதீங்கன்னு நீங்க சொன்னது..."

"ஓம். சட்டலைற் படத்தில மாரித் தரவையும் நீலமாத்தான் தெரியும். அதை ஆத்துத் தண்ணியோட சேர்க்காமல், வேற நிறத்தில வேறயாப் போடுங்கோ எண்டு சொன்னன். போட்டனீங்கள்தானே?"

நான் இடியப்பத்தைத் தட்டில் வைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். கரண்டியைச் சொதிக்குள்ளேயே விட்டுவிட்டார்.

"அண்ணை. என்ன செய்தனீங்கள்?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். மழைக்காலப் புள்ளிகளை நீலத்திலிருந்து பொறுக்கி எடுத்துவிட்டேன், மனுசி தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு தடவையையும் நான் துடைத்துவிட்டேன் என்று. "என்ட கடவுளே!" என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அடுத்த நொடி அந்தச் சாதுவான பெண்மணிக்கு வந்ததே கோபம்.

"விளங்கேல்லை எண்டா ஒரு வார்த்தை கேக்கிறதுக்கென்ன?"

"விளங்காம இருந்தா கேட்டிருக்க மாட்டேனா? எனக்கு நல்லா விளங்கிச்சேக்கா! அதான் பிரச்சினை!"

கார் சாவியை நான் எடுத்தேன். மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு திரும்பும்வரை அவளே ஓட்டினாள், அதுவே பெரிய உபகாரம். அக்காவின் சாப்பாட்டு மேஜையில், சம்பல் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு, தனியாக வைத்திருந்த புள்ளிகளைத் திரும்ப ஏற்றினேன். நல்லவேளை, எறியவில்லை. எடுத்து வையுங்கோ என்று சொன்னதால் எடுத்துத்தான் வைத்திருந்தேன்.

நீலத்தின் மேல் புள்ளிகள் விழுந்தன. ஒரு காட்டின் ஓரத்தில் தொடங்கி, தண்ணீரின் குறுக்கே, வளைந்து வளைந்து, மற்ற காடுவரை. அங்கிருந்து திரும்பி. மறுபடி. மழைக்காலம் முழுக்கப் போயிருக்கிறாள், வந்திருக்கிறாள். கரை வரப்போகிற இடத்தின் மேலேயே அவள் தடம் கிடந்தது. அக்கா திரையைத் தொட்டு, ஒவ்வொரு புள்ளியாக விரலால் போனார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். சரியாகத்தான் நினைத்திருக்கிறேன் என்ற சந்தோஷமா, அனுப்பிய படத்தை இனி என்ன செய்வது என்ற பயமா, கேட்க எனக்குத் தைரியமில்லை.

புதிய படத்தை உடனே அனுப்பினார். பண்ணைக்காரரிடமிருந்து திங்கட்கிழமை பதில் வந்தது. போன வாரம் ஒரு படம், இந்த வாரம் நேர்மாறாக ஒரு படம். நான் எதை நம்பவேண்டும் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதானே. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். இன்னும் கொஞ்சம் கெட்ட வார்த்தையோடு கேட்பேன்.

வீடியோ அழைப்பு ஏற்பாடாயிற்று. பண்ணைக்காரர் ஒரு பெரிய தொப்பியோடு, மாட்டுத் தொழுவம் போல ஏதோ ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார். களத்துப் பெண் போர்த்துகீசியத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே நின்றாள். முதல் படம் ஏன் தப்பு என்று அக்கா சொல்ல ஆரம்பித்து, பாதியில் என்னைக் காட்டினார். "நீங்களே சொல்லுங்கோ."

எத்தனையோ மேலாளர்களுக்கு எத்தனையோ தவறுகளை விளக்கியிருக்கிறேன். இப்படி ஒன்றை விளக்கியதே இல்லை. எங்கள் இருவருக்கும் தாய்மொழி ஒன்றுதான், ஆனால் கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர். இவர் ஊரில் வெள்ளம் நிற்கும் மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு சொல் உண்டு, என் காதில் அது கணக்கு விவரம் என்று விழுந்தது, அதனால் உங்கள் விலங்கை நான் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. வேலைக்கு ஒரு நேர்காணல் இந்த லட்சணத்தில் போயிருந்தால் பத்தாவது நிமிஷம் நன்றி சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

களத்துப் பெண் மொழிபெயர்த்து முடித்தாள். பண்ணைக்காரர் சிரிக்கவில்லை. என்னை விட்டுவிட்டு அக்காவிடம் கேட்டார்: உங்கள் ஊரில் அந்த நிலத்தில் மாடு மேய்கிறதா?

மேயும் என்றார் அக்கா. மழை வடிந்தபின் வரும் புல்தான் மாட்டுக்கு நல்ல புல். குறுக்கே ரோடு போட்ட இடங்களில் ஒரு பக்கம் தண்ணீர் தேங்கிப் புல் அழுகிப்போனது, மறுபக்கம் காய்ந்து முள் முளைத்தது. தன் மாமா ஒருவர் அப்படித்தான் மாடுகளை விற்றார்.

இது எந்தப் புள்ளியிலும் இல்லாத விஷயம். பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, திரும்ப மாட்டிக்கொண்டார். கடைசியில் சொன்னார்: இந்த மழை முடியும்வரை எந்திரத்தை நிறுத்திவைக்கிறேன். பழைய புள்ளிகள் வேண்டாம், அவற்றில் யார் யார் கை வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த மழையில் அவள் குறுக்கே போகட்டும், வரும் புள்ளியை அப்படியே எனக்கும் அனுப்புங்கள். போனால் கரை அங்கே வராது. போகாவிட்டால், மழை வடிந்ததும் கட்டுவேன்.

அழைப்பு முடிந்ததும் அக்கா மெல்லச் சொன்னார். "மனுசியின்ட பெட்டியில பற்றறி கன நாளுக்குக் காணாது, அண்ணை."

அதன்பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அங்கே மழை பிந்தியது. வந்தபின்னும் மனுசி நகரவில்லை. ஒரே காட்டுக்குள் சுற்றினாள். ஓரம்வரை வருவாள், நிற்பாள், திரும்பிப் போவாள். குட்டி பெரிதாகிவிட்டது, பாரம் கூடியிருக்கும் என்றார் அக்கா. தண்ணீர் இன்னும் ஏறவேண்டும், கீழேயுள்ள எறும்பெல்லாம் மூழ்கிப் பசி வந்தால்தான் மற்ற பக்கத்துப் புற்றைத் தேடி இறங்குவாள் என்றார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "போயேன்டி மகராசி! போன வருஷம் அத்தனை தடவை போனியே, இப்ப என்ன கேடு?" என்று திரையைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். என் மனைவி அடுத்த அறையிலிருந்து, "யாரைத் திட்டறீங்க?" என்பாள். "அவளைத்தான்" என்பேன். சிலசமயம் அவளே வந்து, தோளுக்குப் பின்னால் நின்று, பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

நடுவே எனக்கு டாலஸ் பக்கம் பிளானோவில் வேலை கிடைத்தது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அந்தச் சந்தோஷத்தை நான் முழுசாக அனுபவிக்கவே இல்லை. வாரநாட்களில் அங்கே ஒரு அறை, வெள்ளிக்கிழமை மாலை ரவுண்ட் ராக். டோல்வேயிலிருந்து இறங்கி, சிக்னலில் நின்றால் போனை எடுத்துப் புள்ளி பார்ப்பேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். பிழைக்க வழி கிடைத்தவன் நிம்மதியாக இருக்கவேண்டுமா இல்லையா? முடியவில்லை. என்னால் அவள் அடைபட்டுவிடுவாள் என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அக்கா ஒரு முறைகூட என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஜனவரியில் ஒரு நாள் மனுசி தண்ணீரில் இறங்கினாள். காலையில் ஓரத்தில் ஒரு புள்ளி. அடுத்தது நீலத்தில். அடுத்தது இன்னும் உள்ளே. அதோடு நின்றுபோயிற்று.

ஆபீஸில் இருந்தேன். அக்காவுக்கு போன் அடித்தேன். "முதுகில இருக்கிற பெட்டி ஆழத் தண்ணிக்குள்ள முழுசாப் போனா, காயும்வரை சட்டலைற்றோட கதைக்காது, அண்ணை. நீந்துறாள் போல" என்றார். அவர் குரலும் சரியில்லை. சாயங்காலம்வரை எதுவும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஆறு இழுத்துக்கொண்டு போயிருக்குமா? குட்டி? பற்றறியா? என்னென்னவோ ஓடியது. மீட்டிங்கில் என்னை ஏதோ கேட்டார்கள், நான் "எஸ்" என்றேன். எதற்கு எஸ் என்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்கடுத்த நாள் மத்தியானம், பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. புள்ளிகள் ஒன்றல்ல, கொத்தாக வந்து விழுந்தன. நீலத்தைத் தாண்டி, மற்ற காட்டின் ஓரத்தில். பிறகு காட்டுக்குள். பிறகு ஒரே இடத்தில், நெருக்கமாக, படுத்துத் தூங்குகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் களத்துப் பெண் ஒரு படம் அனுப்பினாள். அந்தப் பக்கத்து மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமரா எடுத்து, தானாகவே அவளுக்கு அனுப்பியது. மங்கல்தான். நனைந்த முடி ஒட்டிப்போன முதுகு; அதன்மேல், அதே அளவு நனைந்த இன்னொரு முதுகு.

தயிர்சாத டப்பாவை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அக்கா கூப்பிட்டார்.

"பாத்தனீங்களோ?"

"பாத்தேன்கா."

"பண்ணைக்காரருக்கும் போயிட்டுது. சரி எண்டு எழுதிட்டார். கரை அங்க வராதாம்." மூக்கை உறிஞ்சினார். "அண்ணை, இதுதான் கடைசி. பெட்டியில பற்றறி முடிஞ்சுது. வாரும் தானாக் கழண்டிடும். இனி மனுசி எங்க போனாலும் எங்களுக்குத் தெரியவராது."

"போகட்டும்கா. எங்க வேணா போகட்டும்."

டிஷ்யூவை எடுத்து மூக்கைச் சிந்தினேன்.

"என்ன அண்ணை, அழுறியளோ?"

ஜனவரியில் டெக்சஸில் சீடர் மரங்கள் மகரந்தத்தைக் கொட்டும். ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு திரியும்.

"சேச்சே, இல்லக்கா. சீடர் அலர்ஜி."

"ஓம் ஓம்" என்றார் அக்கா. "எனக்கும் இங்க சரியான சீடர்."